சொற்களின் ஸனது

நம் இல்லங்களில் ஆங்கிலப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள், நீண்ட ஆங்கிலச் சொற்களை எழுத்துக் கூட்டி ஒப்பிப்பதையும், அதைக் கேட்டுப் பெற்றோர் பூரிப்பதையும் இன்று எங்கும் காண்கிறோம். 28 எழுத்துகள் கொண்ட ‘ஆன்டிடிஸ்எஸ்டாபிளிஷ்மென்டேரியனிசம்’ என்னும் சொல் அவற்றுள் ஒன்று. திருச்சபைக்கும் அரசுக்கும் உள்ள பிணைப்பை அறுத்தல் வேண்டும் என 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் ஓர் இயக்கம் எழுந்தது. அதை எதிர்த்தோரின் கொள்கைக்கு இடப்பட்ட பெயரே இது. அரபு நெடுங்கணக்கின் எழுத்துகளும் 28 என்பது இதை மனத்தில் இருத்த உதவும்.

இதனினும் ஓரெழுத்து மிகுந்தது ‘ஃபிளாக்ஸிநாஸிநிஹிலிபிலிஃபிகேஷன்’ என்பது. ‘ஒன்றுமில்லை, அற்பம்’ என்னும் பொருளுடைய நான்கு இலத்தீன் சொற்களை வரிசையாகக் கோத்து, ‘ஒன்றைப் பயனற்றதென மதித்தல்’ என்னும் பொருளில் இதனை ஆக்கினர். 1741ஆம் ஆண்டில் வில்லியம் ஷென்ஸ்டன் என்னும் கவிஞர் எழுதிய கடிதத்தில் இது காணப்படுகிறது. பயனின்மையைக் குறிக்க இத்துணை நீளமான சொல்லா என நகைப்போரும் உளர்.

யாவற்றினும் நீண்டதாகப் பேசப்படுவது 45 எழுத்துச் சொல். ‘நியூமோனோ’ எனத் தொடங்கிக் ‘கோனியோசிஸ்’ என முடியும் அது, எரிமலையின் நுண்ணிய துகளைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோயைக் குறிக்கும் என்பர். ஆயினும் எந்த மருத்துவரும் தம் நோயாளிக்காக அப்பெயரை இடவில்லை. 1935ஆம் ஆண்டில் அமெரிக்கப் புதிர்க்கழகம் ஒன்றின் தலைவரான எவரெட் ஸ்மித் என்பார், மிக நீண்ட சொல்லாக இருக்கட்டும் என்றே அதைப் புனைந்தார். பின்னர் அது அகராதியிலும் ஏறிவிட்டது. ஹதீஸ் கலையில் புனைந்துரைக்கப்பட்டதை ‘மவ்ளூஉ’ என்கிறோம். ஒப்புமைக்காகச் சொல்வதாயின், அது சொற்களுள் ஒரு மவ்ளூஉ.

ஆக, நீளம் ஒரு சொல்லுக்குப் பெருமையன்று. ‘நீ எங்கிருந்து வந்தாய்? யார் கைமாறி வந்தாய்?’ என்று அதனிடம் கேட்டல் வேண்டும். நம் முன்னோர் ஒவ்வோர் அறிவிப்புக்கும் ஸனது கேட்டனர். அவ்வாறே சொல்லுக்கும் ஸனது கேட்கலாம். கேட்டால், வரலாற்றின் ஒரு பெரும் பகுதி நம் முன் விரியும்.

எழுத்து என்னும் சாட்சி

ஒரு சொல் தன் ஊரைத் தன் எழுத்தாலேயே காட்டிக்கொடுக்கும் என்பதை முதலில் விதியாக வகுத்தோருள் தலைசிறந்தவர் இமாம் கலீல் இப்னு அஹ்மது (ரஹ்). ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த அன்னார், ‘கிதாபுல் ஐன்’ என்னும் முதல் அரபு அகராதியை வகுத்தார். தொண்டையிலிருந்து உதடு வரை எழுத்துகள் பிறக்கும் இடத்தை வைத்து வரிசை அமைத்தமையால், ‘ஐன்’ என்னும் எழுத்து அதில் முதலாவதாயிற்று. அந்நூலில் அவர் ஒரு நுட்பம் கூறுகிறார். நான்கு அல்லது ஐந்து மூல எழுத்துகளுடைய நீண்ட அரபுச் சொல்லில், நாநுனியிலும் இதழிலும் பிறக்கும் ர, ல, ந, ஃப, ப, ம என்னும் ஆறு ஒலிகளுள் ஒன்றேனும் இருந்தே தீரும். சில விலக்குகள் நீங்கலாக, அவ்வாறு இல்லாதது அயல்மொழிச் சொல் என்று அறிக என்பதே அது.

12ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்லாமா ஜவாலீக்கி, அரபு மொழியில் கலந்த அயற்சொற்களுக்கென்றே ‘அல் முஅர்ரப்’ என்னும் நூலை யாத்தார். ஒரே அரபுச் சொல்லில் ‘ஜீம்’ எழுத்தும் ‘காஃப்’ எழுத்தும் சேர்ந்து வருவதில்லை என்பது அதில் அவர் தரும் அடையாளங்களுள் ஒன்று. கோட்டை மதிலைத் தகர்க்கும் கல்லெறி பொறிக்கு அரபியில் ‘மன்ஜனீக்’ என்று பெயர். ஜீமும் காஃபும் அதில் கூடி இருக்கின்றன. அது கிரேக்கத்திலிருந்து வந்த சொல்லே.

நம் தமிழிலக்கணமும் இதே வழியில் சென்றுள்ளமை எண்ணி மகிழத்தக்கது. எழுத்துகள் பிறக்கும் இடத்தைத் தொல்காப்பியம் ஓர் இயலாகவே விரித்துரைக்கிறது. மொழிக்கு முதலில் வரும் எழுத்து எது, வாரா எழுத்து எது என்றும் அது வரையறுக்கிறது. ர, ல, ட முதலியன தமிழ்ச் சொல்லின் முதலில் வாரா. இதனாலன்றோ நம் புலவர்கள் ரமலானை ‘இரமலான்’ என்று எழுதினர்! ‘ரத்து’ என்று அலுவலகங்களில் எழுதுகிறார்களே, அச்சொல்லின் முதலெழுத்தே அது தமிழன்று எனச் சொல்லிவிடும். ‘திருப்புதல், மறுத்தல்’ எனப் பொருள்படும் ‘ரத்து’ என்னும் அரபுச் சொல்லே அது.

ஆங்கிலத்திலும் இத்தகைய அடையாளம் உண்டு. அம்மொழியில் ‘கியூ’ எழுத்தை அடுத்து ‘யூ’ வருவதே மரபு. ‘யூ’ இன்றிக் ‘கியூ’ வந்தால், அச்சொல் வெளியூர்ச் சொல் என்று கொள்ளலாம். காஜி, கிப்லா, நிகாப், கவ்வாலி ஆகிய சொற்களை ஆங்கிலேயர் அவ்வாறே எழுதுகின்றனர். அரபு ‘காஃப்’ எழுத்துக்கு அவர்கள் கொடுத்த ஆசனம் அது.

எழுத்து மட்டும் போதுமா?

எழுத்து நல்ல சாட்சிதான். ஆயினும் ஒரே சாட்சியைக் கொண்டு தீர்ப்பு அளித்தல் ஆகாது. ‘வக்கீல்’ என்னும் சொல் தமிழின் எழுத்து விதி எதனையும் மீறவில்லை. ‘வசூல்’ என்பதும் அவ்வாறே. ஆனால் இரண்டும் அரபு வழி வந்தவை.

இதற்கு மேலும் ஒரு சிறந்த சான்று ‘ஜன்ஜபீல்’. சுவனவாசிகளின் பானத்தைப் பற்றித் திருக்குர்ஆனின் 76ஆம் அத்தியாயத்தில் வரும் இச்சொல்லுக்கு இஞ்சி என்பது பொருள். இமாம் கலீலின் விதிப்படி நோக்கினால் ந, ப, ல ஆகிய மூன்றும் இதில் உள்ளன. எனினும் இது பாரசீக வழியில் அரபிக்கு வந்தது என ஜவாலீக்கி முதலானோர் எழுதியுள்ளனர். இக்கால மொழிநூலார் இன்னும் பின்னோக்கிச் சென்று, பாலி மொழியின் ‘சிங்கிவேர’ என்னும் சொல்லையும், அதற்கும் மூலமாகத் தென்னாட்டு ‘இஞ்சி’, ‘வேர்’ என்னும் சொற்களையும் காட்டுகின்றனர். கிரேக்கத்திலும் இலத்தீனிலும் புகுந்த அதே சொல்தான் ஆங்கிலத்தில் ‘ஜிஞ்ஜர்’ ஆயிற்று.

திருக்குர்ஆனில் அயற்சொல் உண்டா என்னும் வினா நம் இமாம்களிடையே ஆழ்ந்து ஆராயப்பட்டதாகும். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) இல்லை என்று உறுதியாக உரைத்தார்கள். வேறு சிலர் உண்டு என்றனர். அபூ உபைத் காஸிம் இப்னு ஸல்லாம் (ரஹ்) இரு சாராரையும் இணைத்து, ‘பிறப்பால் அவை அயற்சொற்கள், ஆயினும் வேதம் அருளப்படுமுன்னரே அரபியர் நாவில் பழகி அரபுச் சொற்களாகிவிட்டன, எனவே இரு கூற்றும் மெய்யே’ என்னும் கருத்தை வழங்கினார்கள். இமாம் ஸுயூத்தி (ரஹ்) இத்தகைய சொற்களைத் தொகுத்துத் தனி நூலே எழுதியுள்ளார்கள். வேதத்தின்பால் அளவிறந்த அன்பு கொண்ட பெரியோர்கள், ஒரு சொல்லின் பிறப்பை ஆராய அஞ்சவில்லை என்பதை நாம் நினைவில் வைத்தல் வேண்டும்.

‘அல்’ என்னும் முத்திரை

இனி ஆங்கிலத்தில் ‘அல்’ எனத் தொடங்கும் சொற்களைக் காண்போம். அரபியில் ‘அல்’ என்பது குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் முன்னொட்டு. ஐரோப்பியர் பலர் அது தனி உறுப்பு என்று அறியாமல், சொல்லோடு சேர்த்தே எடுத்துச் சென்றனர்.

‘அல்ஜீப்ரா’வின் ஸனது தெளிவானது. கலீஃபா மஃமூனின் காலத்தில் (813-833) பக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மி, ‘அல்ஜப்ரு வல் முகாபலா’ பற்றிய தம் கணித நூலை எழுதினார். 1145ஆம் ஆண்டில் ஸ்பெயினின் செகோவியா நகரில் செஸ்டர் ஊரைச் சார்ந்த ராபர்ட் அதை இலத்தீனில் பெயர்த்தார். ‘ஜப்ரு’ என்றால் உடைந்ததைப் பொருத்துதல். சமன்பாட்டில் குறைந்திருப்பதை நிறைவாக்குதலை அது குறித்தது. ஸ்பானிய மொழியில் ‘அல்ஜெப்ரிஸ்தா’ என்பது எலும்பு முறிவைக் கட்டும் வைத்தியருக்கும் பெயராயிற்று. அப்பேரறிஞரின் ஊர்ப்பெயரான ‘அல் குவாரிஸ்மி’யே இலத்தீனில் ‘அல்கோரிஸ்மி’ ஆகி, இன்று கணிப்பொறித் துறையினர் நாள்தோறும் உச்சரிக்கும் ‘அல்காரிதம்’ ஆகியுள்ளது. எண்ணைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு மயங்கியதால், இடையில் இல்லாத ஓர் ஒலி அதில் புகுந்துகொண்டது.

‘ஆல்கஹால்’ என்பதன் வரலாறு வியப்பானது. ‘அல் குஹ்ல்’ என்பது கண்ணுக்கிடும் சுர்மா! அஞ்சனக்கல்லை நுண்ணிதாகப் பொடித்த தூளுக்கு வழங்கிய பெயர், பின்னர் எந்தப் பொருளின் நுண்பொடிக்கும் ஆயிற்று. அதன் பின்னர் வடித்தெடுத்த சாரத்துக்கும் ஆயிற்று. 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்னும் மருத்துவர், திராட்சை மதுவிலிருந்து வடித்த சாரத்தை அப்பெயரால் அழைத்தார். நாளடைவில் மதுச்சாரமே அதன் பொருளாகிவிட்டது. நம் மார்க்கத்தில் விலக்கப்பட்ட மதுவுக்கு வேதம் கூறும் பெயர் ‘கம்ரு’. சுன்னத்தான சுர்மாவின் பெயர் அதற்குப் போய்ச் சேர்ந்தது காலத்தின் விளையாட்டு. சொல்லின் உருவம் மாறாமலே பொருள் தலைகீழாகலாம் என்பதற்கு இதனினும் நல்ல சான்று அரிது.

ஆயினும் ‘அல்’ எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் அரபு உண்டு என எண்ணுதல் பிழை. ‘ஆல்சோ’, ‘ஆல்மோஸ்ட்’ ஆகியவற்றில் இருப்பது ‘எல்லாம்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே. ‘அல்கெமி’யில் ‘அல்’ அரபு; எஞ்சிய பகுதி கிரேக்கத்திலிருந்து அரபிக்கு வந்தது. முத்திரையைப் பார்த்தால் மட்டும் போதாது. கடிதத்தையும் பிரித்துப் படிக்க வேண்டும்.

ஒரு புள்ளி செய்த மாற்றம்

மத்ரஸாவின் முதல் வகுப்பில் ஓதும் பிள்ளை அறியும்: கீழே ஒரு புள்ளி இருந்தால் ‘பே’, இரு புள்ளி இருந்தால் ‘யே’. இந்த ஒரு புள்ளியால் வானத்து விண்மீன் ஒன்றின் பெயரே மாறியது. ஓரியன் என்னும் மீன்கூட்டத்தில் செந்நிறமாய் ஒளிரும் விண்மீனுக்கு அரபியர் இட்ட பெயர் ‘யதுல் ஜவ்ஸா’, அதாவது ஜவ்ஸாவின் கை. இலத்தீனில் பெயர்த்தோர் ‘யே’யைப் ‘பே’யாகப் படித்தனர். அதிலிருந்து வந்ததே இன்றைய ‘பீட்டல்ஜூஸ்’.

கணிதத்தில் வழங்கும் ‘சைன்’ என்பதும் இத்தகையதே. இந்தியக் கணிதர் வில்லின் நாணைக் குறிக்கும் ‘ஜீவா’ என்னும் சொல்லை ஆண்டனர். அரபியர் அதை ஒலிபெயர்த்து, உயிர்க்குறி இன்றி ஜீம், யே, பே என எழுதினர். 12ஆம் நூற்றாண்டின் இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் அதை ‘ஜைபு’ என்று படித்தனர். ‘ஜைபு’ என்றால் சட்டையின் மார்பு மடிப்பு, பை. நாம் ‘ஜேப்பு’ என்கிறோமே, அதுதான். அப்பொருளுடைய ‘சைனஸ்’ என்னும் இலத்தீன் சொல்லை அவர்கள் இட்டனர். ஆக, வில்லின் நாண் சட்டைப்பையாகி, இன்று நம் பிள்ளைகளின் கணித நூலில் ‘சைன்’ என வீற்றிருக்கிறது.

‘சூன்யம்’ என்னும் வடசொல்லை அரபியர் ‘ஸிஃப்ர்’ எனப் பெயர்த்தனர். 1202இல் இத்தாலியர் ஃபிபொனாச்சி அதை ‘ஜெஃபிரம்’ என்றார். ‘ஜீரோ’வும் ‘சைபர்’ என்பதும் அதன் இரு பிள்ளைகள். நம் நாட்டில் பிறந்து, பக்தாது சென்று, ஐரோப்பா சுற்றிய எண், ‘சைபர்’ என்னும் பெயரோடு தமிழ்நாட்டுக்கே திரும்பி வந்தது.

புள்ளியின் மதிப்பை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அரபுத்தமிழ் எழுதியவர்கள், 28 அரபு எழுத்துகளோடு தமிழுக்கே உரிய ஒலிகளுக்கெனப் புள்ளியும் குறியும் இட்டு மேலும் 12 எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். ஒரு மொழியின் ஒலி இன்னொரு மொழியின் எழுத்தில் சிதையக்கூடாது என்னும் கவலை அதில் தெரிகிறது. அக்கவலை அன்று இலத்தீன் மொழிபெயர்ப்பாளர்க்கு இருந்திருப்பின், விண்மீனின் பெயர் பிழைத்திருக்கும்.

கொல்லிமலையின் விளைபொருள்கள்

தொலைதூரச் சொற்களைப் பேசினோம். நம் அருகிலுள்ள நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு இப்போது வருவோம். குண்டனி நாடு, வளப்பூர் நாடு என நாடுகளாகப் பகுக்கப்பட்ட மலை அது. தேசம் எனப் பெரும்பொருள் தரும் ‘நாடு’ என்னும் சொல், அங்கே சில சிற்றூர்களின் தொகுதியைக் குறித்து நிற்கிறது. மிளகும் காப்பியும் பலாவும் வாழையும் அம்மலையின் விளைபொருள்கள். இந்நான்கின் ஆங்கிலப் பெயர்களையும் ஸனது கேட்டுப் பார்ப்போம்.

மிளகை ஆங்கிலேயர் ‘பெப்பர்’ என்பர். அது ‘பிப்பலி’ என்னும் வடசொல்லிலிருந்து கிரேக்கம், இலத்தீன் வழியாக வந்தது. ஆனால் பிப்பலி என்பது மிளகன்று, திப்பிலி! அண்டை வீட்டான் பெயர் இவனுக்கு ஒட்டிக்கொண்டது. அரபு ‘ஃபில்ஃபில்’ என்பதும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. தமிழ் ‘மிளகு’ ஆங்கிலத்தில் இடமின்றிப் போயிற்றா எனில், இல்லை. 12 எழுத்துகள் கொண்ட ‘மல்லிகடானி’ என்னும் நீண்ட சொல்லுக்குள் அது ஒளிந்திருக்கிறது. நம் மிளகுத்தண்ணீரே அது!

காப்பியின் ஸனது முறிவின்றி இருக்கிறது. யமனில் 15ஆம் நூற்றாண்டில் சூஃபிகள் இரவில் விழித்திருந்து திக்ரு செய்தற்பொருட்டு அருந்திய ‘கஹ்வா’, துருக்கியரிடம் ‘கஹ்வே’ ஆகி, டச்சுக்காரரிடம் ‘கொஃபி’ ஆகி, ஆங்கிலத்தில் ‘காஃபி’ ஆயிற்று. பலாவின் பெயரான ‘ஜாக்’, மலையாளத்துச் ‘சக்கை’ போர்த்துக்கீசியர் வாயில் ‘ஜாக்கா’ ஆனதன் வழி வந்தது.

வாழையின் ‘பனானா’ என்னும் பெயரைக் கேட்டவுடன், விரல் நுனிகளைக் குறிக்கும் ‘பனான்’ என்னும் அரபுச் சொல்லை நம்மவர் சிலர் நினைவு கூர்வர். சீப்பும் கை விரல்களைப் போன்றதே; ஒலியும் பொருந்துகிறது. ஆனால் ஸனது பொருந்தவில்லை. மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் மொழியொன்றிலிருந்து போர்த்துக்கீசியர் அச்சொல்லை எடுத்தனர் என்பதே அகராதியாளர் காட்டும் வழி. ஆகவே விரல் கதை, இனிமையானதாயினும் பலவீனமானது.

நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் இன்னொரு செய்தியும் உண்டு. கணிதத்தில் அறியாத எண்ணைக் குறிக்கும் ‘எக்ஸ்’, அரபு ‘ஷைஉ’ என்பதன் முதலெழுத்தே என்பர். இதற்கு ஏடுகளின் சான்று காட்டப்படவில்லை. 1637இல் பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட், அறிந்த எண்களுக்கு நெடுங்கணக்கின் முதலெழுத்துகளையும், அறியாதவற்றுக்கு இறுதி எழுத்துகளையும் ஆண்டார் என்பதே நூலில் உள்ள செய்தி. ஆனால் மெய்யான சிறப்பு வேறிடத்தில் உள்ளது. அரபுக் கணிதர் அறியாத எண்ணை ‘ஷைஉ’, அதாவது ‘பொருள்’ என்றனர். இலத்தீனார் அதை ‘ரெஸ்’ என்றும், இத்தாலியர் ‘கோசா’ என்றும் அப்பொருளிலேயே பெயர்த்தனர். அதனால் அல்ஜீப்ராவே நெடுங்காலம் ‘கோசா கலை’ எனப்பட்டது. சான்றுள்ள பெருமை கையில் இருக்க, சான்றில்லாத பெருமைக்கு ஏன் கை நீட்ட வேண்டும்?

அகராதிகளும் நம் வீட்டுச் சொற்களும்

ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதி 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. ஒரு சொல் எந்த ஆண்டில், எந்த நூலில், எப்பொருளில் வந்தது என்று மேற்கோளோடு காட்டுவதே அதன் நெறி. அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்த நம் முஹத்திஸ்களின் பணியை அறிந்தோர்க்கு இந்நெறி அயலாகத் தோன்றாது.

அது நிறைவுறுமுன்னரே 1886இல், இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களுக்கென ஓர் அகராதி வெளிவந்தது. ஹென்றி யூல் என்பாரும், தஞ்சாவூரில் நீதிபதியாயிருந்து வடமொழிச் சுவடிகளை ஆராய்ந்த பர்னெல் என்பாரும் அதன் ஆசிரியர்கள். பர்னெல் அது வெளிவருமுன்னரே 1882இல் மறைந்தார். அதன் பெயர் ‘ஹாப்ஸன் ஜாப்ஸன்’. முஹர்ரம் ஊர்வலத்தில் எழும் ‘யா ஹஸன்! யா ஹுஸைன்!’ என்னும் குரலே, ஆங்கிலச் சிப்பாய்களின் செவியில் இவ்வாறு சிதைந்து ஒலித்தது. ஒரு துயரக் குரல் இரு துரைமாரின் பெயர்போல் ஆனதே! செவி தவறினால் சொல் எத்துணை தூரம் செல்லும் என்பதற்கு அந்நூலின் பெயரே முதற்சான்று.

அரபுக் கப்பலோட்டிகள் பருவக்காற்றுக்கு இட்ட ‘மவ்ஸிம்’ என்னும் பெயர், போர்த்துக்கீசியர் வழியாக ‘மான்சூன்’ ஆயிற்று. காயல்பட்டினமும் கீழக்கரையும் எதிர்நோக்கியிருந்த காற்று அது. தமிழர் கட்டிய கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆயிற்று. நோன்பு திறக்க நம் பள்ளிவாசல்களில் காய்ச்சும் கஞ்சியும் ‘காஞ்சி’ என ஆங்கில அகராதியில் ஏறியுள்ளது. அரபும் தமிழும் நம் கடற்கரையில் அருகருகே வாழ்ந்தமைக்கு இச்சொற்கள் இன்றும் சாட்சி கூறுகின்றன.

இவற்றையெல்லாம் எழுதியதன் நோக்கம், ஆங்கிலம் நம்மிடம் கடன்பட்டது எனத் தருக்குவதன்று. கடன் வாங்காத மொழி எதுவும் இல்லை. அரபியும் வாங்கியது, தமிழும் வாங்கியது. ஆங்கிலக் கல்வி பெறும் நம் பிள்ளை, அரபும் தமிழும் தனக்குப் பழஞ்சுமை என எண்ணும் நிலை வந்துகொண்டிருக்கிறது. அவனுடைய கணித நூலிலும் வானநூலிலும் உணவுப் பட்டியலிலும் அவ்விரு மொழிகளும் உயிரோடு உறைகின்றன என்பதை அவன் அறிய வேண்டும். அதே வேளையில், ஒலி ஒத்ததனாலேயே எல்லாம் நம்முடையது எனப் பொய்யுரிமை பாராட்டும் பழக்கமும் அவனிடம் ஒட்டக்கூடாது. தாழ்வு எண்ணமும் வீண் பெருமையும் ஆகிய இரண்டுக்கும் மருந்து ஒன்றே: ஸனது கேட்கும் பழக்கம்.

எனவே, பிள்ளை ஒரு நீண்ட சொல்லை ஒப்பித்து நிற்கும்போது, எத்தனை எழுத்து என்று எண்ணுவதோடு நின்றுவிடாதீர்கள். இதன் பொருள் என்ன, இது எங்கே பிறந்தது, யார் யார் கைமாறி உன்னிடம் வந்தது என மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடை தெரியாவிடின், பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து அகராதியைத் திறவுங்கள். ஆதம் (அலை) அவர்களுக்குப் பெயர்களைக் கற்றுக்கொடுத்த இறைவன், நம் மக்களுக்குப் பெயர்களின் மெய்யையும் கற்றுக்கொடுப்பானாக! ஆமீன்.